ஈஆர்பி வாங்கி ஒன்றரை வருஷம்: எது உழைத்தது, எது சும்மா கிடக்கிறது

ஈஆர்பி என்றால் கொள்முதல், கிடங்கு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோக்கும் மென்பொருள். முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. அந்த மூன்றரையில் ஒரு மார்க்கைத்தான் மென்பொருள் தானாகச் சம்பாதித்தது. மீதி இரண்டரை, அதைச் சாக்காக வைத்து நாங்கள் எங்கள் வேலையைத் திருத்திக்கொண்டதில் வந்தது. கழித்த ஒன்றரை எங்கே போனது என்றும் சொல்கிறேன், அதில் பாதியை எங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நாங்கள் பேரிங், ஆயில் சீல், பெல்ட், பம்பு உதிரி என்று மொத்தமாக வாங்கி விற்கிறவர்கள். இரண்டு கிடங்கு, ஒரு ஆபீஸ், நாற்பது சொச்சம் பேர். நான் பர்ச்சேஸும் ஸ்டோர்ஸும் பார்க்கிறேன், அதனால் இது கிடங்கு வாசலில் நின்றுகொண்டு எழுதும் மதிப்புரை. சம்பளம், ஆள் நிர்வாகம் மாதிரியான மாட்யூல்களை நான் தொட்டதில்லை, அதைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. மென்பொருளின் பெயரையும் போடவில்லை. விற்றவர்களோடு ஒப்பந்தம் இன்னும் ஓடுகிறது என்பது ஒரு காரணம். நடுத்தர கம்பெனிகளுக்கு விற்கும் இந்த வகை எல்லாமே ஏறக்குறைய ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்பது இன்னொரு காரணம். நாங்கள் நான்கு டெமோ பார்த்தோம், திரையின் நிறத்தைத் தவிர பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வாங்குவதற்கு முன் எங்கள் லட்சணம் இது. வாடிக்கையாளர் போன் செய்து 6204 பேரிங் 200 இருக்கிறதா என்று கேட்பார். சேல்ஸ் பையன் தன் எக்செல்லைப் பார்த்து 240 என்பான். கணக்குப் பார்க்கும் அக்காவின் எக்செல்லில் 310 இருக்கும், ஏனென்றால் நேற்று வந்த பில்லை அவர் ஏற்றிவிட்டிருப்பார், சரக்கு இன்னும் லாரியிலேயே இருக்கும். ஸ்டோர்ஸ் அண்ணன் ரேக் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நூத்தி அறுபதுதான், அதுலயும் நாப்பது போன வாரமே ஒருத்தருக்குச் சொல்லி வெச்சாச்சு" என்பார். முக்கால்வாசி நேரம் அவர் சொல்வதுதான் சரி. அவர் லீவு போட்டால் கம்பெனியே லீவு மாதிரி.

தகவல் அமைப்பு ஒரு நிறுவனத்துக்கு எப்படி உதவுகிறது என்று பாடப்புத்தகத்தில் பத்து வகை பிரித்துச் சொல்வார்கள், அன்றாடப் பரிவர்த்தனைக்கு ஒன்று, நிர்வாக அறிக்கைக்கு ஒன்று, முடிவெடுக்க ஒன்று என்று. எங்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டியிருக்கவில்லை. இந்த மூன்று எண்ணும் ஒரே எண்ணாக வேண்டும், அவ்வளவுதான் தேவை. இன்று 6204 என்று தட்டினால் கையிருப்பு, ஒதுக்கியது, வழியில் வருவது மூன்றும் தனித்தனியாக ஒரே வரியில் வருகிறது. சேல்ஸ் பையனும் அக்காவும் நானும் பார்ப்பது அதே வரி. மென்பொருள் தானாகச் சம்பாதித்தது என்று சொன்ன அந்த ஒரு மார்க் இதற்குத்தான்.

எக்செல்லை நான் திட்டமாட்டேன், இன்றும் தினமும் திறக்கிறேன். ஆனால் பல பேர் சேர்ந்து நம்பியிருக்கும் பதிவேடாக அது இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கொரோனா தொற்று எண்ணிக்கையில் 15,841 பேரின் பதிவு தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டது. பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது, அதற்குமேல் வந்த தரவு சத்தமில்லாமல் வெளியே நின்றுவிட்டது. எங்கள் பிரச்சினை அவ்வளவு பெரியது இல்லை, ஆனால் குணம் அதேதான். தப்பு நடந்த இடத்தில் எந்த மணியும் அடிக்காது. யாரோ ஒருவர் ஒரு வரியை வெட்டி ஒட்டும்போது கீழே இருந்த சூத்திரம் நகர்ந்திருக்கும், மூன்று மாதம் கழித்து சரக்கு எண்ணும்போது தெரியும், அப்போது யார் செய்தது, எப்போது செய்தது எதற்கும் தடயம் இருக்காது.

சரி, மென்பொருளுக்கு வருவோம். ஈஆர்பி என்ற பெயரே 1990-ல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் வைத்தது. வேர் அதற்கும் முன்னால். எந்தப் பொருள் செய்ய எந்த உதிரி எத்தனை, எந்த நாளில் வேண்டும் என்று கணினியை வைத்துக் கணக்குப் போடும் எம்ஆர்பி முறையை ஜோசப் ஓர்லிக்கி 1960-களில் உருவாக்கினார். ஆக இதன் ரத்தத்திலேயே இருப்பது தொழிற்சாலைக் கணக்கு. எங்களைப் போல வாங்கி விற்கும் கம்பெனிக்கு வரும்போது அது கொஞ்சம் அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரிதான் நிற்கும். மெனுவில் 'வொர்க் ஆர்டர்', 'ரூட்டிங்' என்று ஏழெட்டு விஷயம் இன்னும் எங்களைப் பார்த்து முழிக்கிறது, நாங்களும் அதைப் பார்த்து முழிக்கிறோம்.

விற்க வந்தவர் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருளை நிறுவ இரண்டு நாள்தான் ஆனது, எங்கள் பொருட்பட்டியலைச் சுத்தம் செய்ய மூன்று மாதம் ஆனது. 6204 என்பது ஒரு பேரிங்கின் அளவு, உள் விட்டம் 20 மில்லிமீட்டர், வெளி விட்டம் 47, அகலம் 14. ஆனால் இருபுறமும் ரப்பர் சீல் வைத்தது 2ஆர்எஸ், இருபுறமும் தகட்டு மூடி வைத்தது இசட்இசட், மூடியே இல்லாதது வெறும் 6204. எங்கள் பழைய பட்டியலில் இதையே '6204', '6204-2ஆர்எஸ்', '6204 2 ஆர்எஸ்', 'பேரிங் 6204 ரப்பர்', 'பம்பு பேரிங் சின்னது' என்று ஆளுக்கொரு பெயரில் எழுதி வைத்திருந்தோம். 'பம்பு பேரிங் சின்னது' என்றால் என்ன என்று எழுதியவருக்கே தெரியவில்லை. இதை அப்படியே புதிய மென்பொருளில் ஏற்றியிருந்தால் அதே குப்பையை வேகமாகத் தேடிக்கொடுத்திருக்கும். தினம் மதியம் இரண்டு மணி நேரம் நானும் ஸ்டோர்ஸ் அண்ணனும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அடித்தோம். அந்த மூன்று மாதத்தில் வேலை பார்த்த அலுப்பைவிட, இத்தனை வருஷம் ஒரே பொருளை மூன்று பெயரில் மூன்று தடவை வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்ததுதான் வயிற்றெரிச்சல்.

இனி உண்மையிலேயே உழைத்த பகுதி. சப்ளையர் பில்லைச் சரிபார்ப்பது.

முன்பு எப்படி என்றால், நான் ஆர்டர் போடுவேன், மெயிலில் இருக்கும். சரக்கு வரும், ஸ்டோர்ஸில் ஒரு நோட்டில் எழுதுவார்கள். பில் ஆபீசுக்கு வரும். அக்கா பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து "தம்பி, இது நீங்க சொன்ன விலைதானா?" என்பார், நான் மெயிலைத் தேடுவேன், அப்புறம் கிடங்குக்கு போன் போட்டு எத்தனை வந்தது என்று கேட்போம், நோட்டு கிடைக்காது. வெறுத்துப்போய் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன். எத்தனை பில்லில் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தோம் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இப்போது பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றும் ஒன்றோடொன்று கோத்திருக்கிறது. நாங்கள் ஜிஆர்என் என்று சொல்லும் அந்த வரவுச் சீட்டைக் கிடங்கு வாசலிலேயே போடுகிறார்கள். ஆர்டர் 500, வந்தது 480, பில் 500 என்றால் பில் தானாக நின்றுவிடும், சிவப்பில். யாரும் யாரிடமும் ஓட வேண்டியதில்லை. ஒத்துப்போனவை அப்படியே பணம் கொடுக்கும் வரிசைக்குப் போய்விடும். அக்கா பார்ப்பது முரண்பட்ட பில்களை மட்டும்தான்.

இதைப் பற்றிப் பேசினால் ஃபோர்டு கார் கம்பெனியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980-களின் தொடக்கத்தில் அவர்களுடைய வட அமெரிக்க பில் பட்டுவாடாப் பிரிவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கணினி போட்டு நூறு பேரைக் குறைக்கலாம் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். அப்புறம் ஜப்பானின் மஸ்டா கார் கம்பெனியைப் பார்த்தார்கள், அங்கே அதே வேலையை ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஸ்டா சின்ன கம்பெனிதான், அதற்காகச் சரிக்கட்டிப் பார்த்தாலும் இடைவெளி மலைக்கும் மடுவுக்கும். ஃபோர்டு கடைசியில் செய்தது, பில் என்ற சங்கதியையே எடுத்துவிட்டது. ஆர்டர் டேட்டாபேஸில் இருக்கும், சரக்கு வந்து இறங்கும் இடத்தில் ஒத்துப்போனால் வாங்கிக்கொள்வார்கள், பணம் தானாகப் போகும், ஒத்துப்போகாவிட்டால் சரக்கே திரும்பிப் போகும். அந்தப் பிரிவில் ஆட்கள் நான்கில் மூன்று பங்கு குறைந்தார்கள். 1990-ல் மைக்கேல் ஹாமர் என்ற நிர்வாகவியல் அறிஞர் இதை எழுதியபோது, பழைய வேலைமுறையை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு மேல் கணினியைப் பூசினால் பலன் இல்லை என்பதற்குத்தான் உதாரணமாகக் காட்டினார். எங்கள் அளவுக்கு பில்லையே தூக்கிப்போட முடியாது, சப்ளையர்கள் சம்மதிக்கமாட்டார்கள். ஆனால் சீட்டு எழுதும் இடத்தை ஆபீஸ் மேஜையிலிருந்து கிடங்கு வாசலுக்கு நகர்த்தியதுதான் எங்களுக்கு லாபம் கொடுத்தது. எங்களிடம் ஆள் யாரும் குறையவில்லை, குறைப்பது நோக்கமும் இல்லை. அக்கா இப்போது வசூல் பாக்கியைத் துரத்துகிறார், முன்பு அதற்கு அவருக்கு நேரமே இருந்ததில்லை.

அடுத்தது மறு ஆர்டர் அளவு, அதாவது ரீஆர்டர் லெவல். டெமோவில் இதைத்தான் மந்திரம் மாதிரி காட்டினார்கள், சரக்கு குறைந்தால் தானாக ஆர்டர் பரிந்துரை வரும் என்று. வரும், ஆனால் அந்த அளவை யார் போடுவது? வாங்கியபோது எல்லாப் பொருளுக்கும் பூஜ்யம் என்று இருந்தது, பூஜ்யத்துக்கு வந்ததும் பரிந்துரை வந்தது, அதற்கு வராமலே இருந்திருக்கலாம். கணக்கு எளிதுதான். ஒரு நாளைக்குச் சராசரியாக 8 போகிறது, ஆர்டர் போட்டால் வர 12 நாள் ஆகிறது என்றால் அதற்கே 96 வேண்டும், மேலே ஒரு 30 பாதுகாப்புக்கு, ஆக 126-க்கு இறங்கும்போது ஆர்டர் போட வேண்டும். அந்த 12 நாள் என்பது சப்ளையர் சொல்லும் நாள். நிஜத்தில் எத்தனை நாள் என்பது ஆர்டர் தேதிக்கும் வரவுச் சீட்டுத் தேதிக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது, அது இப்போது மென்பொருளிலேயே கிடக்கிறது. அதை எடுத்துப் பார்த்தபோது, ஏழு நாள் என்று சத்தியம் செய்த ஒரு சப்ளையர் பாதித் தடவை பதினைந்து நாளுக்கு மேல் இழுத்திருந்தார். அடுத்த பேச்சுவார்த்தையில் அந்தப் பட்டியலை மேஜையில் வைத்தேன், குரல் உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை. ஒரு பர்ச்சேஸ்காரனுக்கு இதைவிட மதிப்புள்ள அறிக்கை வேறு கிடையாது. ஆனால் இந்த அறிக்கை ரெடிமேடாக இல்லை. தரவை வெளியே எடுத்து எக்செல்லில்தான் செய்துகொண்டேன் என்பதால் அரை மார்க் கழித்தேன்.

இந்த மாதிரி அளவுகளைப் போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஒரு பொருள் திடீரென்று வேகமாகப் போனால் எல்லோரும் பயந்து அளவைக் கூட்டுவோம், நாம் கூட்டியதைப் பார்த்து நமக்கு விற்பவர் கூட்டுவார், அவருக்கு விற்பவர் இன்னும் கூட்டுவார். சாட்டையின் பிடியில் லேசாக அசைத்தால் நுனி துள்ளுகிற மாதிரி. விநியோகச் சங்கிலி படித்தவர்கள் இதற்குச் சாட்டை விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மென்பொருள் இதைத் தடுக்காது, கவனிக்காமல் விட்டால் இன்னும் சுறுசுறுப்பாகத் தவறு செய்யும். நான் இப்போது வேகமாக ஓடும் பொருட்களை மாதம் ஒருமுறை, மற்றதை வருஷம் இருமுறை திருத்துகிறேன்.

பார்கோடு ஸ்கேனரைப் பற்றி ஒரு பத்தி. கடையில் விற்ற ஒரு பொருளின் பார்கோடு முதன்முதலில் ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26, ஒரு சூயிங்கம் பாக்கெட். ஐம்பது வருஷத் தொழில்நுட்பம், அதனால் இதில் பிரச்சினை வராது என்று நினைத்தேன். ஸ்கேனரில் வரவில்லை, கிடங்கின் கடைசி இரண்டு ரேக்கில் வைஃபை கிடைக்காமல்தான் வந்தது. இரும்பு ரேக்குக்குள் சிக்னல் போகாது என்பதை டெமோ அறையில் யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்கேன் செய்தது ஏறியதா இல்லையா என்று தெரியாமல் பையன்கள் இரண்டு தடவை அடித்தார்கள், இருப்பு இரண்டு தடவை குறைந்தது. நெட் இல்லாதபோது பதிவைக் கையிலேயே வைத்திருந்து அப்புறம் ஏற்றும் வசதி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். எங்களுடையதில் இல்லை, கூடுதல் வைஃபை பெட்டி மாட்டித்தான் சமாளித்தோம். மற்றபடி ஸ்கேனர் அருமை. 6204-க்குப் பதில் 6205 எடுத்து அனுப்புவது அடியோடு நின்றுபோனது.

டேஷ்போர்டு. பெரிய திரை, வட்டப் படம், ஸ்பீடோமீட்டர் மாதிரி முள். முதலாளி அதைப் பார்த்துத்தான் வாங்கினார், அதில் சந்தேகமே இல்லை. முதல் மாதம் தினமும் திறந்தார். இப்போது அவர் கேட்பது மூன்றே மூன்று கேள்வி, அறுபது நாளுக்கு மேல் வராத பணம் எவ்வளவு, ஆறு மாதமாக அசையாத சரக்கு எவ்வளவு, இந்த வாரம் இல்லை என்று சொல்லி அனுப்பிய ஆர்டர் எத்தனை. மூன்றாவது கேள்விக்கு மென்பொருளில் பதிலே இல்லை, ஏனென்றால் விற்காத ஆர்டரை யாரும் பதிவு செய்வதில்லை. நாங்களாக 'இழந்த விற்பனை' என்று ஒரு பதிவு வகையை உண்டாக்கி, போன் எடுப்பவர்கள் அதில் போட வேண்டும் என்று வைத்தோம். பாதி நாள் போடமாட்டார்கள். தங்கள் தோல்வியைத் தாங்களே தட்டச்சு செய்ய யாருக்குப் பிடிக்கும்?

அப்ரூவல் பகுதி நல்ல யோசனை, எரிச்சலான செயல்பாடு. ஆர்டர் போடுகிறவரே சரக்கு வரவையும் போட்டு அவரே பணத்தையும் விடுவிக்கக் கூடாது என்பது கணக்கியலில் பழைய விதி, மென்பொருள் அதைக் கட்டாயமாக்குகிறது. யார், எந்த நேரத்தில், எந்த எண்ணை எதற்கு மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்கிறது. ஆனால் அப்ரூவல் தர வேண்டியவர் வெளியூரில் இருந்தால் லாரி வாசலில் நிற்கும். கடைசியில் என்ன நடந்தது என்றால், மேனேஜரின் பாஸ்வேர்டு ஒரு மஞ்சள் சீட்டில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் அப்புறம் தணிந்துவிட்டது, ஏனென்றால் அதை ஒட்டியவருக்கு வேறு வழி நாங்கள் கொடுக்கவில்லை. மாற்று அப்ரூவர் ஒருவரை வைத்து, சின்ன தொகைக்கு அப்ரூவலே வேண்டாம் என்று ஆக்கினோம். சீட்டு காணாமல் போனது.

நாங்கள் செய்த பெரிய தப்பு தேதியில். பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்கும் நாளை கோ-லைவ் என்பார்கள். அதை விற்பனை உச்சத்தில் இருக்கும் மாதத்தில் வைத்தோம், எங்களுக்கு மென்பொருள் விற்றவரின் காலாண்டு இலக்கு அந்த மாதம் முடிகிறது என்பது பின்னால்தான் புரிந்தது. ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-ல் இதையே செய்து மாட்டியது உலகப் பிரசித்தம். நான்கு வருஷம் வேண்டும் என்று சொன்ன வேலையை இரண்டரை வருஷத்தில் திணித்து, ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் நேரத்தில் இயக்கினார்கள். கிடங்கில் சாக்லேட் இருந்தும் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டரை அனுப்ப முடியவில்லை. இந்தக் கதையை நான் கோ-லைவுக்கு முன்பே படித்திருந்தேன், மீட்டிங்கில் சொல்லவும் செய்தேன், "அவங்க பெரிய கம்பெனி சார், நமக்கு அவ்வளவு சிக்கல் இல்லை" என்று பதில் வந்தது. முதல் வாரம் தொடக்க இருப்பை ஒரு கிடங்குக்கு இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள். இல்லாத சரக்கை விற்றோம். பத்து நாள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டே பொழுது போனது. பழையதையும் புதியதையும் ஒரு மாதமாவது இணையாக ஓட்டியிருக்க வேண்டும். இரட்டை வேலைதான், ஆனால் அந்தப் பத்து நாளோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

மாற்றியமைத்தல், அதாவது கஸ்டமைசேஷன், இன்னொரு பொறி. நாங்கள் முதலில் கொடுத்த பட்டியலில் முப்பது மாற்றம் இருந்தது, "எங்கள் பழைய பில்லில் இந்தக் கட்டம் இடது பக்கம் இருக்கும்" என்கிற ரகம் வரைக்கும். லிடில் என்ற ஜெர்மன் சில்லறை வணிக நிறுவனம் ஏழு வருஷம் உழைத்து, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த பிறகு, எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளைக் கொண்டுவரும் தன் திட்டத்தை 2018-ல் கைவிட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது, அவர்கள் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவார்கள், மென்பொருளின் வழக்கம் விற்பனை விலை. இரண்டில் ஒன்று வளைந்திருக்க வேண்டும், மென்பொருளை வளைக்கப் பார்த்தார்கள். எங்கள் முப்பதில் நான்கைத்தான் கடைசியில் செய்தோம், மீதி இருபத்தாறை இப்போது யாரும் நினைவுகூட வைத்திருக்கவில்லை. அந்த நான்கில் ஒன்று மட்டும் ஒவ்வொரு அப்டேட்டிலும் உடைகிறது, ஒவ்வொரு முறையும் அதற்குத் தனியாக பில் வருகிறது. இன்னொரு அரை மார்க் அங்கே போனது.

பேக்கப் பற்றி எல்லோரும் "கிளவுட்ல இருக்கு, பயமில்லை" என்பார்கள். 2017 ஜனவரி கடைசியில் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக நிஜ டேட்டாபேஸையே அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், கிட்டத்தட்ட ஆறு மணி நேரத் தரவு போனது. மென்பொருள் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் கதி இது. நான் விற்பனையாளரிடம் கேட்டது ஒன்றுதான், பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்கவில்லை, போன மாத பேக்கப்பை இப்போது என் கண் முன்னால் திறந்து காட்டுங்கள் என்றேன். நான்கு நாள் ஆனது. காட்டினார்கள், சரி. அதுமுதல் காலாண்டுக்கு ஒருமுறை கேட்கிறேன், இப்போது அரை நாளில் முடிகிறது.

ஸ்டோர்ஸ் அண்ணனைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை பொய்யாகிவிடும். மென்பொருள் வருவதற்கு முன் எல்லோரும் அவரைத் தேடி வந்தார்கள். முதலாளிகூட. எண்ணெல்லாம் திரைக்குப் போன பிறகு யாரும் அவரிடம் கேட்கவில்லை, இரண்டு மாதம் அவர் முகமே சரியில்லை. வரவுச் சீட்டைத் தாமதமாகப் போட்டார், ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்றார். வேண்டுமென்றே என்று மேனேஜர் சொன்னார். இருக்கலாம். ஆனால் எந்த ரேக்கில் ஈரம் ஏறும், எந்த சப்ளையரின் பெட்டியில் எப்போதும் இரண்டு குறையும், எந்த ஆயில் சீல் வருஷக்கணக்கில் கிடந்தால் விறைத்துப்போகும் என்பதெல்லாம் எந்த மாட்யூலிலும் இல்லை. தினம் இருபது பொருளை எண்ணிச் சரிபார்க்கும் சுழற்சிக் கணக்கெடுப்பை அவரிடம் கொடுத்தோம், எதை எண்ண வேண்டும் என்பதையும் அவரே தேர்வு செய்யலாம் என்றோம். மென்பொருளும் அதற்கென்று ஒரு பட்டியல் தருகிறது, மதிப்பு அதிகமான பொருட்களை முதலில் வைத்து. அண்ணன் தேர்ந்தெடுக்கும் இருபதில்தான் வித்தியாசம் அதிகம் அகப்படுகிறது. வருஷக் கடைசியில் கதவை மூடிவிட்டு மூன்று நாள் எண்ணுவது இந்த முறை ஒன்றரை நாளில் முடிந்தது, அதில் பெரும்பங்கு அவருடையது.

போட்ட பணத்துக்கு இது தகுமா? முதல் ஆறு மாதம் கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். 1987-ல் ராபர்ட் சோலோ என்ற பொருளாதார அறிஞர், கணினி யுகம் எங்கும் கண்ணுக்குத் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணவில்லை என்று கேலி செய்தார். அதற்குப் பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்று அறிஞர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும். மின்மோட்டார் வந்த புதிதில் தொழிற்சாலைகள் நீராவி எந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தன, அதே நீண்ட தண்டு, அதே பெல்ட், அதே இட அமைப்பு. லாபம் பெரிதாக இல்லை. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை போகும் வரிசைப்படி எந்திரங்களை நகர்த்தி அடுக்கிய பிறகுதான் மின்சாரம் பலன் கொடுத்தது, அதற்கு 1920-கள் வரை ஆனது. எங்கள் முதல் ஆறு மாதமும் அந்தப் பெரிய மோட்டார் காலம்தான். மாதக் கணக்கு முடிக்க முன்பு அடுத்த மாதம் இருபதாம் தேதி ஆகும், இப்போது ஆறாம் தேதிக்குள் முடிகிறது. அசையாத சரக்கு கண்ணுக்குத் தெரிந்ததால் கழித்து விற்றோம், ஒரு ரேக் வரிசையே காலியானது. இவை எதுவும் விற்பனையாளர் கொடுத்த பட்டியலில் இல்லை.

ஐந்தாறு பேர், நூறு பொருள், ஒரே கிடங்கு என்றால் இதை வாங்காதீர்கள். ஒழுங்கான கணக்கு மென்பொருளும் ஒரு நல்ல எக்செல்லும் போதும். இரண்டு இடம், ஆயிரக்கணக்கில் பொருள், ஒரே கேள்விக்கு மூன்று பதில் என்ற நிலை இருந்தால் வாங்கலாம், ஆனால் பொருட்பட்டியலைச் சுத்தம் செய்யும் ஆளை முதலில் முடிவு செய்துவிட்டு டெமோவுக்குக் கூப்பிடுங்கள். ஒப்பந்தத்தில், வெளியேறும்போது முழுத் தரவையும் திறக்கக்கூடிய வடிவத்தில் தருவோம் என்று எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். நாங்கள் அதைக் கேட்டபோது அதுவரை சிரித்துக்கொண்டே இருந்தவர் முதன்முறையாக லேப்டாப்பை மூடினார்.

சப்போர்ட்டைப் பற்றி ஒரு வரி, அந்தக் கடைசி அரை மார்க் அதில்தான். போன் எடுக்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், டிக்கெட் எண் தருகிறார்கள். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் சரக்கு, பழுதானதாக இருந்தாலும் நல்ல சரக்கு இருப்பிலேயே போய்ச் சேருகிறது என்று எட்டு மாதத்துக்கு முன் சொன்னேன். அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டு வெர்ஷன் வந்துவிட்டது, நேற்று பார்த்தேன், டிக்கெட் இன்னும் திறந்தே கிடக்கிறது. பழுதான பேரிங்குகளை அண்ணன் ஒரு சிவப்பு டப்பாவில் தனியாகப் போட்டு, மேலே சாக்பீஸால் எண்ணிக்கை எழுதி வைத்திருக்கிறார்.